தெருவில் பிறந்த பட்டப்படிப்பு



1902-இல் நியூயார்க் நகரப் பள்ளிகளில் காலை மணி அடித்ததும் நகராட்சி மருத்துவர் வருவார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கண், தலை, கை, கால் எல்லாம் பார்ப்பார். கண்ணில் டிரகோமா, தலையில் பேன், உடம்பில் சொறி, படர்தாமரை என்று எது தென்பட்டாலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தொற்று பரவக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தச் சீட்டைப் படிக்கத் தாய்க்குத் தெரியாது. இத்தாலியிலிருந்தோ ருஷ்யாவிலிருந்தோ பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அவை. மருந்து வாங்கக் காசும் இராது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, மாலையில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளோடு அதே தெருவில் விளையாடும். தொற்றும் நிற்கவில்லை, படிப்பும் பாழானது.

அந்த நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவே, ஹென்றி தெருவில் நர்ஸ்களின் இல்லம் ஒன்றை நடத்திவந்தவர் லிலியன் வால்ட். நகராட்சியிடம் அவர் ஒரு யோசனை சொன்னார். தன் இல்லத்து நர்ஸ் ஒருவரை ஒரு மாதத்துக்கு அனுப்புவதாகவும், நான்கு பள்ளிகளை அவர் பொறுப்பில் விட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்படி அனுப்பப்பட்ட லீனா ராஜர்ஸ் அக்டோபரில் வேலையைத் தொடங்கினார். சின்னச் சின்ன நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டு, பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். வகுப்பு முடிந்ததும் வீடு வீடாகப் போய், தலைக்கு எப்படி மருந்து தேய்ப்பது, துணியை எப்படிக் கொதிக்க வைப்பது என்று தாய்மாருக்குச் செய்து காட்டினார். மாதம் முடிந்ததும் நகராட்சி தானாகவே மேலும் பல நர்ஸ்களை வேலைக்கு அமர்த்தியது. ஓராண்டில், நோயைக் காரணம் காட்டிப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது.

ராஜர்ஸ் புதிதாக எந்த மருந்தையும் கொண்டுவரவில்லை. மருத்துவர்கள் பார்த்த அதே பிள்ளைகளைத்தான் அவரும் பார்த்தார். பிள்ளைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள், தாய் எந்த நேரத்தில் வேலையிலிருந்து திரும்புகிறாள் என்றெல்லாம் அறிந்துகொண்டு வைத்தியம் செய்தார். இந்த அறிவை எந்தப் பள்ளியில் கற்றுக்கொடுப்பது? நர்சிங் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததே இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான்.

அதுவரை நர்சிங் கற்பது என்றால் மருத்துவமனையில் தங்கி வேலை செய்வது என்றுதான் பொருள். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியைப் பார்த்து உலகெங்கும் மருத்துவமனைகள் பள்ளிகளைத் திறந்தன. நாளடைவில் பெரும்பாலான இடங்களில் மாணவிகள் குறைந்த செலவில் கிடைக்கும் வேலையாட்கள் ஆனார்கள். இரவும் பகலும் வார்டு வேலை. பாடம், நேரம் மிச்சமிருந்தால். அப்படிப் பயின்றவர்கள் படுக்கையில் கிடக்கும் நோயாளியைக் கண்ணும் கருத்துமாகக் கவனிப்பார்கள். ஆனால் காசநோய்க்காரரும் ஐந்து குழந்தைகளும் ஒரே அறையில் வாழும் வீட்டுக்குப் போனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்பார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு, பொது சுகாதார நர்ஸ்களுக்கு என்ன படிப்பு வேண்டும் என்று ஆராய அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு ஒரு குழு அமைந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரப் பேராசிரியர் வின்ஸ்லோ அதன் தலைவர். ஆய்வை நடத்தி அறிக்கை எழுதியவர் ஜோசபின் கோல்ட்மார்க். பொது சுகாதார நர்ஸின் குறைகளை ஆராயத் தொடங்கிய குழு, அந்தக் குறைகளின் வேர் நர்சிங் கல்வி முழுவதிலும் ஓடுவதைக் கண்டது. 1923-இல் அறிக்கை வந்தது. மாணவியின் கல்வி மருத்துவமனையின் ஆள்தேவைக்கு அடிமையாக இருக்கக் கூடாது, நர்ஸ்களுக்குக் கற்பிக்கிறவர்களுக்கும் நிர்வகிக்கிறவர்களுக்கும் பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்று அது சொன்னது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகம் நர்சிங் பள்ளியைத் திறந்தது. தனி முதல்வர், தனி ஆசிரியர்கள், தனி நிதி. முதல்வராக வந்தவர் ஆனி குட்ரிச். ஹென்றி தெரு இல்லத்தின் வீட்டுச் சேவைக்கு முன்பு தலைமை தாங்கியவர் அவர்.

ஆக, வார்டில் தொடங்கிய நர்சிங் கல்வியைத் தெருவில் நடந்த வேலைதான் பல்கலைக்கழகம் வரை இழுத்துக்கொண்டு வந்தது. இன்று நம் கல்லூரிகளில் அந்தத் தெரு எங்கே இருக்கிறது? இந்த உரையில் பேச எடுத்துக்கொண்டது அதைத்தான்.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் கைவிளக்கேந்திய காரிகை என்று அறிமுகமான நைட்டிங்கேலிடமே முதலில் போகலாம். அவர் கதையில் பாடநூல்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் 38 பெண்களோடு அவர் துருக்கியில் இருந்த ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். ஓயாமல் உழைத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இறந்தது போர்க் காயத்தால் இல்லை. வயிற்றுப்போக்கு, டைஃபஸ், காலரா போன்ற நோய்களால். மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. மருத்துவமனைக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடையைத் துப்புரவு செய்தார்கள், தண்ணீர் வரும் வழியைச் சுத்தம் செய்தார்கள், காற்றோட்டம் ஏற்படுத்தினார்கள். ஜூனில் சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது.

போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் இதன் முழு உருவமும் நைட்டிங்கேலுக்குப் புலப்பட்டது. எத்தனை அன்போடு கவனித்தாலும் சாக்கடை மேல் கட்டிய வார்டில் அன்பு தோற்கும் என்று அந்தக் கணக்கு காட்டியது. 1858-இல் அவர் வெளியிட்ட வட்ட வரைபடம் புகழ்பெற்றது. மாதவாரியாக எத்தனை பேர் நோயால் இறந்தார்கள், எத்தனை பேர் காயத்தால் இறந்தார்கள் என்பதை அமைச்சர்களுக்கும் புரியும்படி அதில் வண்ணத்தில் பிரித்துக் காட்டியிருந்தார். அதற்குப் பிறகு அவர் கவனம் இந்தியா மீது திரும்பியது. 1863-இல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கைக்காக, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படை நிலையங்களின் தண்ணீர், வடிகால், கழிப்பிடம் பற்றியெல்லாம் கேள்வித் தாள் அனுப்பித் தகவல் திரட்டினார். ஆயிரம் படைவீரர்களுக்கு ஆண்டுக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே இந்திய ஊர்களின் சாக்கடையையும் குடிநீரையும் பற்றிப் பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். நர்சிங்கும் பொது சுகாதாரமும் வேறு வேறு துறைகள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த அரங்கில் பெற்றோர் பலர் இருக்கிறீர்கள். நர்ஸ் வேலைக்கு நான்கு வருடப் பட்டம் எதற்கு, ஊசி போடவும் பி.பி. பார்க்கவும் டிப்ளமோ போதாதா என்று உறவினர் கேட்டிருப்பார்கள். பதில் சொல்ல எண்கள் இருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா எய்க்கனும் சக ஆய்வாளர்களும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள். ஒரு மருத்துவமனையின் நர்ஸ்களில் பட்டதாரிகளின் பங்கு 10 விழுக்காடு கூடினால், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரு நர்ஸ் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அந்த வாய்ப்பு 7 விழுக்காடு ஏறியிருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பட்டதாரியைப் பணிக்கு எடுத்துவிட்டு நாற்பது படுக்கைகளை ஒருவர் தலையில் கட்டும் நிர்வாகம், முதல் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டிப் பெருமைப்பட முடியாது.

பட்டதாரி நர்ஸ்கள் கூடினால் சாவு குறைவதற்குக் காரணம் எளிது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் வருவது சில நிமிடம். நர்ஸ் இருப்பது முழு ஷிஃப்ட். நாடித்துடிப்பு ஏறுகிறது, சிறுநீர் குறைகிறது, நோயாளி லேசாகக் குழம்பிப் பேசுகிறார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து, ரத்தத்தில் தொற்று பரவத் தொடங்கியிருக்கலாம் என்று இரவு இரண்டு மணிக்கு மருத்துவரை எழுப்பச் சொல்கிற அறிவு உடலியங்கியலும் மருந்தியலும் நுண்ணுயிரியலும் கற்றதால் வருவது. அந்தத் தொலைபேசி அழைப்பு ஒரு மணி நேரம் தாமதித்தால் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கக்கூடும்.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. சென்னையில் 1871-இலேயே அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரின் கதை வேறு வகை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க வரும்படி இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்ததும், ஆண் மருத்துவரான அவருடைய தந்தை வரச் சம்மதிக்காததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதும் பலரும் அறிந்ததே. அந்த இரவு ஐடாவை மருத்துவராக்கியது. ஆனால் மருத்துவம் படித்து வந்த சில ஆண்டுகளிலேயே அவர் கண்டுகொண்ட இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. மருத்துவமனையைக் கட்டிவிட்டு நோயாளி வருவார் என்று காத்திருந்தால் வர முடிந்தவர் மட்டுமே வருவார். அதனால் அவர் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடிகளில் நின்று வைத்தியம் பார்த்தார். 1909-இல் வேலூரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல்தான். நர்ஸ் இல்லாமல் மருத்துவர் மட்டும் எதையும் சாதிக்க முடியாது என்பதை இந்த வரிசையே காட்டும்.

1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் நாட்டின் முதல் பி.எஸ்சி. நர்சிங் படிப்புகள் தொடங்கின. அதே ஆண்டில், ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு நர்ஸ்தான் என்று அது கணக்கிட்டது. 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருந்த நாட்டில் நர்ஸ்கள் மருத்துவர்களைவிடப் பல மடங்கு குறைவு! சுகாதாரப் பணி முழுவதுமே தலைகீழாக நின்றுகொண்டிருந்த காலம் அது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு வலுவான அடித்தளமும் இருந்தது. 1939-இலேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம். மருத்துவமனைகளை நடத்த ஒரு துறை, நோய் வராமல் தடுக்க இன்னொரு துறை என்று தனி இயக்குநரகமும் தனிப் பணியாளர்களும் இங்கே தொடர்ந்து இருந்துவருகிறார்கள். பல மாநிலங்களில் இது கிடையாது. சுனாமி வந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் முகாம்களில் குளோரின் கலந்த தண்ணீர் கிடைத்ததற்கும் தடுப்பூசி போடப்பட்டதற்கும் பின்னால் இந்த அமைப்பு இருந்தது.

அந்த அமைப்பின் கடைசிக் கண்ணி, ஊர் மக்கள் ‘நர்ஸம்மா’ என்று அழைக்கும் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒருவர். அவர்களில் மிகப் பலர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். துணை செவிலியர் பயிற்சி முடித்தவர்கள். தமிழ்நாட்டில் 2001-03 காலத்தில், உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் என்ற கணக்கில் இறந்தார்கள். 2018-20-இல் அது 54 ஆகக் குறைந்தது. நாட்டின் சராசரி அப்போது 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களை அமர்த்தி இரவும் பகலும் பிரசவம் பார்க்க வைத்தது, ஆம்புலன்ஸ், ரத்த வங்கி என்று பலவும் இதில் சேர்ந்திருக்கின்றன. அத்தனைக்கும் முன்னால், எந்தத் தெருவில் யார் கருவுற்றிருக்கிறார் என்று மூன்றாம் மாதத்துக்குள் தெரிந்து, பெயரைப் பதிவேட்டில் எழுதிய ஒரு பெண் இருந்தார்.

இந்தப் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய்ப்பரவலியல் என்ற பாடம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. ஒரு பெரிய மருத்துவமனையில் இந்த மாதம் கடுமையான ரத்தசோகையோடு இருபது கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். இருபது என்பது அதிகமா, குறைவா? மருத்துவமனைக்குத் தெரியாது. எத்தனை கர்ப்பிணிகளில் இருபது? அதுவும் தெரியாது. பின்னத்தில் மேலே உள்ள எண் மட்டுமே அதன் கையில் இருக்கிறது. கீழே உள்ள எண் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. வந்தவர் யார் என்று மருத்துவமனை சொல்லும். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று அவர்தான் சொல்ல முடியும். மாமியார் ஊருக்குப் போய்விட்டாள், செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனவள் தை மாதம்தான் திரும்புவாள், மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்ற பயத்தில் பதியவே வரவில்லை என்றெல்லாம் காரணத்தோடு சொல்வார்.

தாய் ஒருத்தி இறந்துவிட்டால் தமிழ்நாட்டில் அந்தச் சாவைத் தனியாக ஆராயும் வழக்கம் 1990-களில் தொடங்கியது. வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் பேசி, வலி எடுத்த நேரம் முதல் உயிர் போன நேரம் வரை கேட்டு எழுதுவார்கள். உலகெங்கும் இதற்குப் பயன்படும் சட்டகம் ஒன்று இருக்கிறது. 1994-இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியது. மூன்று தாமதங்களைத் தேடச் சொல்வார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைக்கத் தாமதம். நர்சிங் மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும் பட்டியல் இது. பெயர் மறைத்த ஒரு உண்மையான அறிக்கையைக் கையில் கொடுத்து, எந்த இடத்தில் இவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஒரு மணி நேரம் விவாதிக்க வைத்தால் அந்தப் பட்டியல் வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கும்.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே பாடம்தான். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, ஓர் எல்லைக்குட்பட்ட மக்கள் தொகையைக் களப் பணியாளர்களிடம் முழுப் பொறுப்பாக ஒப்படைத்தது. வீடு தேடி வரும் மருத்துவமாது, அதாவது பேறுகாலச் செவிலி, அங்கே குடும்பத்தில் ஒருவர் மாதிரி. தெற்காசியாவில் பிரசவ மரணம் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருப்பதற்குப் போர்க்காலத்திலும் தளராத அந்த வலையமைப்பு முக்கியக் காரணம்.

இனி வகுப்பறைக்குள் வரலாம். 2021-இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டர். உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் என்று தொடங்கி, ஐந்தாம் செமஸ்டரிலும் ஏழாம் செமஸ்டரிலும் சமுதாய நலச் செவிலியம் வருகிறது. முதல் பகுதியில் சுற்றுச்சூழலும் நோய்ப்பரவலியலும் இருக்கின்றன. ஏழாம் செமஸ்டரில் ஆராய்ச்சியும் புள்ளியியலும். காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

களத்தில் என்ன நடக்கிறது? மாணவர்கள் ‘கம்யூனிட்டி போஸ்டிங்’ என்று சொல்லும் அந்த வாரங்களில் கல்லூரி வேன் ஓர் ஊரில் இறக்கிவிடும். ஆளுக்குச் சில குடும்பங்கள். வீட்டுத் திண்ணையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைக்க வேண்டும், பையின் வெளிப்பக்கத்திலிருந்து சோப்பை எடுத்துக் கை கழுவிய பிறகே உள்ளே கைவிட வேண்டும் என்று ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்த ஒழுங்கை யாரும் அற்பமாக நினைக்கக் கூடாது. ஒரு வீட்டின் கிருமியை அடுத்த வீட்டுக்குச் சுமந்து போகாமல் இருக்க வகுத்த முறை அது. பாட்டிக்கு பி.பி. பார்க்கிறார்கள், குழந்தையின் எடையையும் கைச்சுற்றளவையும் குறிக்கிறார்கள், குடும்பக் கோப்பை நிரப்புகிறார்கள், சார்ட் காட்டிச் சத்துணவு பற்றிப் பேசுகிறார்கள். போஸ்டிங் முடிகிறது, கோப்பு மதிப்பெண் வாங்குகிறது, அலமாரிக்குள் போகிறது. அந்தப் பாட்டியின் பி.பி. நூற்று எழுபது இருந்ததே, அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க அடுத்த முறை வருவது வேறொரு மாணவி. அவர் புதிதாக ஒரு கோப்பைத் திறக்கிறார். பாட்டி மறுபடி முதலிலிருந்து பதில் சொல்கிறார். ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு மாணவர்களுக்கு ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன ஊர்கள், நர்சிங் கல்லூரிகளைச் சுற்றி நிறையவே இருக்கின்றன.

பெரும் இழப்பு இது. இன்று தமிழ்நாட்டின் நோய்ச்சுமை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அந்தப் போரில் ஏறக்குறைய வென்றாகிவிட்டது. அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சை. 2020-இல் மாநிலத்தில் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காடு. மாத்திரைக்குப் பஞ்சம் இல்லாத மாநிலத்தில் இந்த நிலை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டு, மாத்திரையை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்ததற்குக் காரணம் இந்த எண்கள்தான்.

இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொள்ளும் பெண் அதை ஏன் விழுங்குவதில்லை? வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னார்கள். சாப்பாட்டோடு டீயும் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. குடற்புழு இருக்கலாம். மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போகலாம். அதைச் சொல்லக் கூச்சம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுகிறவராக இருக்கலாம். இந்தக் காரணங்களில் பெரும்பாலானவை ஆய்வகப் பரிசோதனைச் சீட்டில் வரா. ஒரே வீட்டுக்குப் பலமுறை போய், அடுப்படிக்குள் அனுமதி கிடைத்த ஒருவருக்கே தெரியவரும். உடலியங்கியல் படித்த, சமூகவியல் படித்த, புள்ளியியல் படித்த ஒருவர் அந்த அடுப்படியில் உட்கார்ந்திருந்தால்? பட்டப்படிப்பின் மதிப்பு அங்கேதான் முழுமையாக வெளிப்படும்.

மாணவர்கள் வெளிநாட்டு வேலையை நினைத்துப் படிப்பதில் தவறில்லை. கல்விக் கடன் இருக்கிறது, தங்கையின் படிப்பு இருக்கிறது, தனியார் மருத்துவமனைகள் பல கொடுக்கும் சம்பளம் கூச்சப்பட வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி உலகில் எட்டில் ஒரு நர்ஸ், தான் பிறந்த அல்லது பயின்ற நாட்டுக்கு வெளியே வேலை செய்துவந்தார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகளில் முதியோர் கூடக்கூட அங்கும் வேலை வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஊரில் போஸ்டிங்கை மனம் ஒன்றிச் செய்தவருக்கு அங்கேயும் அது கைகொடுக்கும்.

என்ன செய்யலாம்? நிறைய பணம் தேவைப்படாத சில மாற்றங்கள் உடனே சாத்தியம். முதல் செமஸ்டரிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று குடும்பங்களை ஒப்படைத்து, பட்டம் வாங்கும் வரை அதே குடும்பங்களோடு இருக்கச் செய்யலாம். ஒரு கர்ப்பிணி, ஒரு முதியவர், நீண்டகால நோயுள்ள ஒருவர் அந்த வீடுகளில் இருந்தால் போதும். முதல் ஆண்டில் கற்ற உடலியங்கியலை அவர் சர்க்கரை நோயாளியின் காலிலும், இரண்டாம் ஆண்டில் கற்ற மருந்தியலை அவருடைய மாத்திரை டப்பாவிலும் பார்ப்பார். கர்ப்பிணியின் குழந்தைக்கு மூன்று வயது கடக்கும்போது அந்த மாணவர் பட்டதாரி ஆவார். வெளியேறும் மாணவர் தன் குடும்பங்களைப் புதிய மாணவரிடம் நேரில் அறிமுகப்படுத்தி ஒப்படைக்க வேண்டும்.

புள்ளியியல் பாடத்தைக் கற்பனைக் கணக்குகளை வைத்து நடத்தத் தேவையில்லை. மாணவர்கள் தாங்களே அளந்த ஐநூறு பி.பி. அளவுகள் இருக்கின்றன. சராசரியும் பரவலும் அவற்றிலிருந்தே வரட்டும். கணக்கு முடிந்ததும் அதை இரண்டு பக்கத் தமிழ் அறிக்கையாக்கி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் கிராம சபையிலும் மாணவர்களே படிக்க வேண்டும். தகவல் கொடுத்த ஊருக்கு அது திரும்பிப் போக வேண்டியது நியாயம். எங்கள் தெருவில் இத்தனை பேருக்கு பி.பி. இருக்கிறதா என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டால், அதற்குப் பதில் சொல்வது எந்த வாய்மொழித் தேர்வையும்விடக் கடினமான தேர்வு.

கிராம சுகாதார செவிலியரைக் கல்லூரிக்கு அழைத்துக் கற்பிக்கச் செய்ய வேண்டும். இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒரு நர்ஸம்மாவுக்குப் பட்டம் இல்லை என்பதற்காக அவர் அறிவு பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்பது பெரிய அநியாயம். போஸ்டிங் போகும் மாணவர்களை வழிநடத்துகிற அவர்களுக்கு அதற்கான மதிப்பூதியமும் வருகைப் பேராசிரியர் என்ற தகுதியும் தரலாம்.

மேற்படிப்புக்கும் கதவுகள் திறந்திருக்கின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதலே பொது சுகாதார முதுகலைப் படிப்பை நடத்துகிறது. சென்னையில் அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. மருத்துவர்களே அதிகம் படிக்கும் இந்த வகுப்புகளில் நர்ஸ்கள் கூடுதலாகச் சேர வேண்டும். களத்தில் நின்றவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக வேலை. 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ், துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதார சேவையாளர் என்ற புதிய பணியிடம் உருவானது. நர்சிங் பட்டதாரி ஒருவர், கிராமத்திலேயே அமர்ந்து, பி.பி., சர்க்கரை, புற்றுநோய்க்கான ஆரம்பப் பரிசோதனை, முதியோர் பராமரிப்பு எல்லாவற்றையும் பொறுப்பேற்று நடத்தும் வாய்ப்பு இது. லீனா ராஜர்ஸுக்கு நான்கு பள்ளிகள் கிடைத்தது போல இவர்களுக்குச் சில ஊர்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் வரும் இந்த வேலை ஒப்பந்த வேலை. பதவி உயர்வுக்குப் பாதை இல்லாத இடத்தில் நல்ல மாணவர் எத்தனை ஆண்டு இருப்பார்? பொது சுகாதாரத் துறையில் நர்சிங் பட்டதாரிக்கு நிரந்தரப் பணியும், வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் முடிவெடுக்கும் பொறுப்புவரை செல்லும் படிகளும் அரசாணையாக வர வேண்டும். இந்த அரங்கில் உள்ள கல்லூரி முதல்வர்களும் செவிலியர் சங்கத்தினரும் சேர்ந்து அந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுக்கலாம். கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேச இந்த அரங்கத்தின் பின்னறை ஒதுக்கப்பட்டிருக்கிறது.